அரை மில்லிமீட்டர் தேக்கு

பாய்மரப் படகின் கேபின் என்றதும் பலருக்கும் ஒரே படம்தான் மனசில் வரும். தேன் நிறத்தில் மின்னும் தேக்குச் சுவர்கள், பித்தளை விளக்கு, சுவரில் ஒரு பாரமானி, வட்ட ஜன்னல் வழியாக விழும் கொஞ்சம் வெயில். முந்நூறு வருடக் கடலோடி மரபை அப்படியே எடுத்து வைத்ததுபோல இருக்கும். ஆனால் நான்கு சுவரும் தேக்காக இருக்கும் இந்தக் கேபினுக்கு வயது ஐம்பது, அறுபதுதான். பிளாஸ்டிக் படகு வந்த பிறகு பிறந்தது அது.

அதற்கு முன்னால் படகு முழுக்க மரமாக இருந்தபோது, உள்ளே பெரும்பாலும் வெள்ளை அடித்தார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிரிஸ்டல் என்ற சிற்றூரில் நதானியேல் ஹெரஷாஃப் என்றொரு வடிவமைப்பாளர் இருந்தார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தை ஜெயித்த படகுகள் அவருடையவை. அவர் படகுகளின் உள்சுவர்கள் வெள்ளை. ஓரச் சட்டங்களும் கைப்பிடிகளும் மட்டும் வார்னிஷ் பூசிய மகாகனி. இன்றைக்கும் அந்தப் பாணிக்கு அவர் பெயர்தான். காரணம் எளிமையானது. கேபினுக்கு ஜன்னல் சின்னது, வெளிச்சம் கம்மி, வெள்ளைச் சுவர் கிடைத்த வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். படகே மரம். அதை மரம்தான் என்று யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

அந்தத் தேவை வந்தது 1950களில். கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்த ஃபைபர்கிளாஸ், இரண்டாம் உலகப்போருக்குப் பின் படகுப் பட்டறைகளுக்குள் நுழைந்தது. 1959 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் என்ற நிறுவனம் ‘ட்ரைட்டன்’ என்ற 28 அடிப் படகை வைத்தது. ஒரே அச்சு, அதிலிருந்து படகுக்கு மேல் படகு. நடுத்தர வர்க்கத்து அமெரிக்கர் கடன் போட்டு வாங்கக்கூடிய விலை. மரப்படகின் உலகம் இதை ரசிக்கவில்லை. நதானியேலின் மகன் பிரான்சிஸ் ஹெரஷாஃப் ஃபைபர்கிளாஸை ‘உறைந்த சளி’ என்று திட்டியதாக ஒரு கதை இப்போதும் படகுத்துறைகளில் உலவுகிறது. வாங்குபவர்களுக்கும் உள்ளூரக் கூச்சம் இருந்தது. உள்ளே இறங்கிப் பார்த்தால் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி. வெளியே குளிர், உள்ளே மனித மூச்சு. சுவரில் நீர் வியர்த்து வழியும்.

அதற்கு மருந்தாக வந்ததுதான் மரத்தோல். படகின் வயிற்றைக் குறுக்காக அடைத்து அதை விறைப்பாக நிறுத்த எப்படியும் பிளைவுட் தடுப்புச் சுவர்கள் வேண்டும். அந்தப் பிளைவுட்டின் முகத்தில் மெல்லிய தேக்கு ஒட்டிவிட்டால் குளியல் தொட்டி கப்பலாகிவிடும். நம் ஊர் ஆசாரிகள் ‘வெனீர்’ என்று சொல்வது இதைத்தான். பழைய படகுகளில் அதன் கனம் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள். நான்கைந்து ஏ-4 தாள்களை அடுக்கினால் அரை மில்லிமீட்டர் வந்துவிடும்.

மரத்துக்கு மேல் மரத்தோல் போர்த்தும் புத்தி புதிதல்ல. சக்காராவில் மன்னர் ஜோசரின் படிப் பிரமிடுக்கு அடியில் கிடைத்த ஒரு சவப்பெட்டியில், ஆறு அடுக்கு மெல்லிய பலகைகளை ஒன்றின் ரேகைக்குக் குறுக்காக இன்னொன்றின் ரேகை வரும்படி அடுக்கியிருக்கிறார்கள். இன்றைய பிளைவுட்டின் சூத்திரம் அதேதான். நாலாயிரத்து அறுநூறு வருடம் இருக்கும். ரோமாபுரியின் பிளினிக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. மலிவான மரத்துக்கு விலை உயர்ந்த மரத்தின் தோலைப் போர்த்துவதை ஆடம்பரத்தின் தொடக்கம் என்கிறார். ஒரே மரத்தைப் பல தடவை விற்கும் தந்திரம் என்பது அவர் குற்றச்சாட்டு. இரண்டாயிரம் வருடம் கழித்துப் படித்தாலும் மறுக்க முடியவில்லை.

*

தேக்கு என்ற சொல்லை நாம்தான் கொடுத்தோம். தமிழில் தேக்கு, மலையாளத்தில் தேக்கு, போர்த்துகீசியர் வாயில் ‘டெகா’, ஆங்கிலத்தில் ‘டீக்’. சொல்லோடு சேர்ந்து மரமும் போனது. நெப்போலியன் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஓக் மரம் தட்டுப்பாடு. பம்பாயில் பார்சி கப்பல் கட்டுநர்களான வாடியா குடும்பம் மலபார்த் தேக்கில் போர்க்கப்பல்கள் கட்டிக் கொடுத்தது. ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய ‘திருகோணமலை’, ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமலி’, 1817 அக்டோபரில் நீரில் இறங்கியது. இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் அது இன்னும் மிதக்கிறது. அதில் தேக்கு என்பது கப்பலின் உடம்பு. எலும்பு, தசை, எல்லாமே.

காடு தீர்ந்துகொண்டே வந்தது. 1840களில் மலபார் கலெக்டர் கானலி, நிலம்பூரில் சாத்து மேனனின் உதவியோடு தேக்குத் தோட்டம் போட்டார். உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்று சொல்கிறார்கள். சாலியாற்றங்கரையில் அந்த மரங்களில் சில இன்னும் நிற்கின்றன. நோக்கம், எதிர்காலக் கப்பல்களுக்கு மரம். அவை கால் பங்கு வளர்வதற்குள் கப்பல் மாறிவிட்டது. 1860இல் இறங்கிய ‘வாரியர்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் உடல் இரும்பு. அதன் பக்கவாட்டில் நாலரை அங்குல இரும்புக் கவசம், கவசத்துக்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. குண்டு விழும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள ஒரு மெத்தை. உடம்பாக இருந்தது மெத்தையாயிற்று. அடுத்த நூறு வருடத்தில் மெத்தை தோலாகப்போகிறது.

மலபார் போனால் பர்மா. அங்கே தேக்கை நின்றபடியே சாகவிடுவார்கள். அடிமரத்தைச் சுற்றி வளையமாக, உள்மரம் வரை வெட்டிவிட்டு இரண்டு மூன்று வருடம் காயவிடுவது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும், காய்ந்தால்தான் மிதக்கும். பிறகு யானை இழுத்து ஓடையில் தள்ளும், மழைவெள்ளம் ஆற்றில் சேர்க்கும், ரங்கூன் போய்ச்சேரச் சில வருடங்கள்கூட ஆகலாம். இந்த வியாபாரத்தில் ஒரு தேசமே போயிற்று. 1885இல் பாம்பே பர்மா வர்த்தகக் கம்பெனி கணக்கில் காட்டியதைவிட அதிக மரம் எடுத்ததாக மாண்டலே அரசவை பெரும் அபராதம் விதித்தது. அதைச் சாக்காக வைத்து பிரிட்டிஷ் படை நவம்பரில் புறப்பட்டது. மாதம் முடிவதற்குள் திபா மன்னர் கைதி. அவரை முதலில் கொண்டுவந்து வைத்தது மெட்ராசில், பிறகு ரத்னகிரியில், சாகும்வரை. தேக்கு மட்டுமே காரணம் என்றால் வரலாற்றுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மீதான பயமும் இருந்தது. ஆனால் கையில் எடுத்த காகிதம் மரக்கணக்குதான்.

இந்தக் காடுகளின் பின்வரிசைதான் 1970களில் தைவானுக்குப் போனது. காவோசியூங், தைபே பக்கத்துப் பட்டறைகளில் கூலி குறைவு, தச்சு வேலை அபாரம், பர்மா தேக்கு கப்பலில் வந்து இறங்கும் தூரம். அமெரிக்க வடிவமைப்பாளர்கள் வரைபடம் அனுப்புவார்கள், படகு திரும்பி வரும். ராபர்ட் பெர்ரி வரைந்த ‘தயானா 37’ மட்டும் ஐந்நூறுக்கும் மேல் விற்றது. உள்ளே சுவர், கதவு, இழுப்பறை, தரை எல்லாம் தேக்கு, வெளித்தளத்திலும் தேக்கு. அந்தத் தளத் தேக்கைத் திருகாணி போட்டுத்தான் பதிப்பார்கள், ஒரு தளத்தில் நூற்றுக்கணக்கான திருகாணிகள். இருபது வருடத்தில் ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை. அதனால் அந்தத் தலைமுறைப் படகுகளுக்கே ‘லீக்கி டீக்கி’ என்று பட்டப்பெயர் வந்தது. ஒழுகும் தேக்கு. மேலே இருக்கும் தேக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் தேக்கைக் கெடுக்கிறது.

*

அப்படிப்பட்ட ஒரு படகின் உள்ளே நான் பத்துப் பன்னிரண்டு சனிக்கிழமைகள் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வேலை நிமித்தம் சியாட்டலில் இருந்த காலம். அலுவலகத்தில் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு தமிழர், கார் விலைக்கு 1978ஆம் வருடப் படகொன்றை வாங்கியிருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு எடுபிடி நான். வாங்கும்போதே சுவரெல்லாம் கறை. ஜன்னலுக்குக் கீழே கருப்பாகக் கண்ணீர்க் கோடுகள். ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் மை சிந்தியது மாதிரி வட்டம். தடுப்புச் சுவரின் அடியில் ஆற்றங்கரை வெள்ளக்குறி போல ஒரு படுக்கைக்கோடு. அங்கங்கே வார்னிஷுக்குள் பால் மாதிரி வெள்ளைப் படலம். கடிகாரம் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் வேறு நிறத்தில் ஒரு வட்டம், மீதி இடமெல்லாம் நாற்பது வருட வெயில் தின்ற நிறம்.

இவை எல்லாம் ஒரே நோய் அல்ல. வெள்ளைப் படலம் வார்னிஷில் சிக்கிய ஈரம்தான். வார்னிஷைச் சுரண்டினால் போய்விடும். வெயில் நிறமாற்றம் மரத்தின் மேற்பரப்பில் நடந்தது, லேசாகத் தேய்த்தால் அடியில் பழைய நிறம் இருக்கும். கருப்புதான் விவகாரம். மரத்தில் டானின் வகைப் பொருட்கள் இருக்கின்றன. தண்ணீர் ஒழுகி வரும் வழியில் ஏதாவது திருகாணியையோ ஆணியையோ தொட்டு இரும்பைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வரும். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீலம், கருப்பு. ஓக்கில் இது இன்னும் கோரமாக நடக்கும், தேக்கு கொஞ்சம் பொறுமைசாலி.

இந்தக் கருப்பு நமக்கு நன்றாகவே தெரிந்த கருப்பு. நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காயும் அன்னபேதியும் கிடைக்கும். மாசிக்காய் என்பது ஓக் மரத்தில் பூச்சி முட்டையிட்ட இடம் புடைத்து உண்டாகும் காய், டானின் மூட்டை. நம் வீடுகளில் குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பார்கள். அன்னபேதி இரும்பு உப்பு. இரண்டையும் தண்ணீரில் கலந்தால் ஐரோப்பா பல நூற்றாண்டுகள் எழுதிய மை கிடைக்கும். மாசிக்காய்க்குப் பதில் கடுக்காய் போட்டால் கலம்காரித் துணியின் கருப்புக்குப் பக்கத்தில் வந்துவிடுவோம். பழைய கப்பல்களின் பயணக் குறிப்பேடுகளும் இந்த மையில்தான். நாங்கள் தினமும் திறந்து பார்க்கும் ‘லாக் ஃபைல்’ என்ற சொல்லே அங்கிருந்து வந்தது. கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் வீசிய மரக்கட்டைக்குத்தான் முதலில் ‘லாக்’ என்று பெயர், பிறகு அந்த அளவை எழுதிய புத்தகத்துக்கு, பிறகு சர்வருக்கு. கேபின் சுவரில் இருந்ததும் அதே மையில் எழுதிய குறிப்பேடு. எங்கே ஒழுகியது, எவ்வளவு காலம், எந்தத் திருகாணி வழியாக. சும்மா அழகுக்காக நான் சொல்லவில்லை. லாக் படிக்காமல் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுகிறவனை எங்கள் தொழிலில் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் கறையைப் படிக்காமல் அழிக்கிறவனையும் பார்க்க வேண்டும்.

அழிப்பது கஷ்டமே இல்லை. ஆக்ஸாலிக் அமிலம். புளியாரைக் கீரையின் புளிப்பில் இருப்பது, சிறுநீரகக் கல்லில் கால்சியத்தோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பது, அதுவேதான். கடையில் சர்க்கரை மாதிரி வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும். வார்னிஷை முழுக்க எடுத்துவிட்டு, வெந்நீரில் இனிமேல் கரையாது என்கிறவரை கரைத்து, பிரஷ்ஷால் பூச வேண்டும். கறை மேல் மட்டும் பூசினால் அந்த இடம் வெளுத்துத் தேமல் மாதிரி ஆகிவிடும், அதனால் பலகை முழுக்க. இருபது நிமிடத்தில் கருப்பு கரைவதைக் கண்ணால் பார்க்கலாம். அமிலம் இரும்பைப் பிடித்துத் தன்னோடு கரைத்துக்கொண்டு போய்விடும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஒரு தடவையில் போகாவிட்டால் இரண்டு, மூன்று. பிறகு நிறையத் தண்ணீர், கொஞ்சம் சமையல் சோடா, மறுபடி தண்ணீர். கழுவாமல் காயவிட்டு உப்புத்தாள் போட்டால் அமிலப் படிகம் தூளாகி மூக்கில் ஏறும். அது விஷம், மூக்கையும் நுரையீரலையும் ஒரு கை பார்த்துவிடும். முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் இல்லாமல் அண்ணன் என்னைத் தொடவே விடவில்லை.

ஜன்னலுக்குக் கீழிருந்த கோடுகள் முதல் சனிக்கிழமையே போய்விட்டன. எனக்கு ஒரே குஷி. அடுத்து நடுத் தடுப்புச் சுவரின் மேல்மூலையில் உள்ளங்கை அளவு கருப்பு. பிரஷ்ஷை நனைத்துவிட்டேன்.

“தம்பி, அதை மட்டும் இப்ப தொடாத.”

“ஏன்ணே, அதுதானே கண்ணுல முதல்ல படுது.”

“அதுக்கு நேர் மேல என்ன இருக்குன்னு பாரு.”

மேலே செயின்பிளேட். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிக் கயிறுகள் மேல்தளத்துக்கு வந்து, தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் ஒரு எவர்சில்வர் பட்டையில் முடியும். அந்தப் படகில் அந்தப் பட்டை தடுப்புச் சுவரோடு முடுக்கப்பட்டிருந்தது. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மைதான். காற்றுப்பட இருந்தால் அதன் மேல் ஒரு காப்புப் படலம் தானாக உண்டாகிக்கொண்டே இருக்கும். ஈரத்தில் மூடிக்கிடந்தால், ஆக்சிஜன் கிடைக்காமல் படலம் அறுந்து இடுக்குகளில் அரிப்பு தொடங்கும். வெளியே பார்த்தால் பளபளப்பு, தளத்துக்குள் மறைந்திருக்கும் இரண்டு அங்குலத்தில் விரிசல். காற்றில் படகு சாய்ந்து ஓடும்போது அது அறுந்தால் மரம் விழும்.

அண்ணன் பட்டையைக் கழற்றி வெளியே எடுத்தார். போல்ட் துளைக்கு மேலே, தளம் மூடியிருந்த இடத்தில், தலைமுடி கனத்தில் பழுப்பாக ஒரு கோடு. நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. அந்தப் படகைப் பத்து வருடம் வைத்திருந்தவர் அதே மூலையை ஒரு தடவைக்கு மேல் வெளுத்திருக்க வேண்டும், சுற்றுப்புறத்தைவிட அந்த இடம் அவ்வளவு வெளிறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் படகு எழுதியதை அழித்து, மேலே வார்னிஷ் பூசியிருக்கிறார். எல்லாப் பட்டைகளையும் மாற்றிவிட்டு, துளைகளை அடைத்து, இரண்டு மழை பார்த்துவிட்டுத்தான் அந்தக் கருப்பை அழிக்க எனக்கு அனுமதி கிடைத்தது. சியாட்டலில் இரண்டு மழைக்குக் காத்திருப்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

அரை மில்லிமீட்டர் என்று சொன்னேன் அல்லவா. அதுதான் இந்த வேலையின் கொடூரமான விதி. திட மரத்தில் ரசாயனம் தோற்றால் உப்புத்தாள் ஜெயிக்கும். இங்கே ஒவ்வொரு தேய்ப்பும் கையிருப்பிலிருந்து செலவு. மெஷின் வைத்துத் தேய்த்தால் சில விநாடியில் தேக்கு முடிந்து, அடியில் பசைக்கோடும் வெளிறிய வேறொரு மரமும் எட்டிப் பார்க்கும். ஓரங்களில்தான் முதலில் போகும். அதன்பின் என்ன நிறம் பூசினாலும் அந்த இடம் திட்டாகத் தெரியும். ஒரு தலைமுறைக்கு ஒரு தேய்ப்பு என்று வைத்தால் இரண்டு தலைமுறை தாங்கலாம். அதுவும் கையால், மெல்லிய தாளில், ரேகையோடு.

சரி, போனால் புதுத்தோல் ஒட்டலாமே என்று அன்றைக்கு நானும் கேட்டேன். ஒட்டலாம், தோட்டத் தேக்கில். சீக்கிரம் வளர்ந்த மரம், ரேகை அகலம், பழைய சுவரோடு நிறம் சேராது. பழைய காட்டுத் தேக்கு வேறு கதை. தாய்லாந்து 1988 நவம்பர் வெள்ளத்தில் மலைச்சரிவு மரங்களும் மண்ணும் ஊர்கள் மேல் இறங்கியதைப் பார்த்துவிட்டு, 1989 ஜனவரியில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதையே தடை செய்தது. மியன்மார் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அரசு மர நிறுவனமான மியன்மா டிம்பர் எண்டர்பிரைஸ் மேல் அமெரிக்கா அந்த ஏப்ரலிலேயே தடை போட்டது, ஐரோப்பிய ஒன்றியமும் தொடர்ந்தது. தைவான் பட்டறைகளின் பொற்காலம் அதற்கு வெகு முன்பே முடிந்திருந்தது. 1980களின் கடைசியில் தைவான் நாணயம் ஏறியது, 1991இல் அமெரிக்கா ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுகளுக்கு ஆடம்பர வரி போட்டது. அந்த வரி இரண்டு வருடத்தில் போய்விட்டாலும் போன பட்டறைகள் திரும்பவில்லை.

ஆக, தொட்டியைக் கப்பலாகக் காட்ட ஒட்டிய வேஷத்தோல், பிளினி பார்த்திருந்தால் திட்டியிருக்கக்கூடிய ஒன்று, இப்போது உண்மையிலேயே அரிதாகிவிட்டது. அதைக் காப்பாற்றுவதில் எனக்கு மரியாதை உண்டு. அது மரபு என்பதற்காக அல்ல, ஒரு மரம் நூறு வருடம் செலவழித்து வளர்ந்தது என்பதற்காக. ஆனால் காப்பாற்ற முடியாமல் போனதன் மேல் தேக்கு நிறச் சாயம் பூசிப் பொய்யைப் பொய்யால் மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் படகில் அப்படி ஒரு பலகை இருந்தது. இடதுபுறப் படுக்கைக்குப் பின்னால், இரண்டடிக்கு மூன்றடி. பழைய உரிமையாளர் மெஷின் போட்டு, நடுவில் தேக்கே இல்லாமல் செய்துவிட்ட பலகை. அண்ணன் ஒரு மாதம் யோசித்துவிட்டு அதற்கு வெள்ளை அடித்தார், ஓரச் சட்டத்தை மட்டும் வார்னிஷ் பூசி அப்படியே விட்டார். பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்து, ஒரிஜினலைக் கெடுத்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார். நல்ல மனிதர், அவரிடம் ஹெரஷாஃப் கதையை ஆரம்பித்தால் பீர் சூடாகிவிடும் என்று விட்டுவிட்டோம். அந்த வாரம் மழை மூட்டமாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு அந்தப் படுக்கையில் சாய்ந்து, விளக்குப் போடாமலே, பழைய எஞ்சின் கையேட்டின் பொடி எழுத்தைப் படிக்க முடிந்தது.